இந்த வருஷத்து ராஜினாமா

ஜூன் 6, வெள்ளி, காலை

அன்புள்ள மெக்கானிக் அவர்களுக்கு,

கல்யாண நாள் கடிதம் வந்து சேர்ந்தது. வாண்டைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து ஆசை ஆசையாகத் திறந்தேன். முதல் வரி இது: ‘மூன்றாம் எண் கம்ப்ரெசரில் அதிர்வு சென்ற மாதத்தைவிடக் கூடியிருக்கிறது.’

சரி, இந்த வருஷம் புது பாணி போலிருக்கிறது என்று மேலே படித்தேன். எண்ணெய் அழுத்தம். வடிகட்டி மாற்றிய தேதி. குளிர் அறைக் கதவின் ரப்பர் பட்டை ஓரத்தில் பிய்ந்திருப்பது. மூன்று பக்கம். எங்கேயாவது நான் ஒளிந்துகொண்டிருக்கிறேனா என்று மூன்று பக்கத்தையும் இரண்டு தரம் தேடினேன். ‘அதிர்வு’ என்கிற இடத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. பக்கத்திலேயே அளவும் போட்டிருந்ததால் அது நானில்லை என்று தெரிந்துவிட்டது.

நீங்கள் வெளிநாட்டில் அந்தக் குளிர்பதனக் கிடங்கு வேலைக்குப் போய் ஏழு வருஷம். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் மேலாளருக்கு எழுதுவதுபோல ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி எனக்கு மெயில் அனுப்புவீர்கள். மற்ற பெண்களுக்குப் புடவை வரும், நகை வரும். எனக்கு ராஜினாமா வரும். நானும் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன், ஆறு இருக்கிறது. ‘தங்கள் கிடங்கில் மைனஸ் இருபத்தைந்து, என் மனைவி பேசாமல் இருக்கும்போது அதைவிடக் குளிர்கிறது, எனவே விலகுகிறேன்’ என்று எழுதினீர்களே, அதை இப்போதும் எடுத்து எடுத்துப் படிப்பேன்.

ஏழாவது எங்கே? எனக்குக் கம்ப்ரெசர் வந்திருக்கிறதென்றால், என் கடிதம் யாருக்குப் போனது?

அதிர்வு கூடிய மனைவி


ஜூன் 6, வெள்ளி, மதியம்

கண்ணம்மா,

தலையில் கையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் மேலாளருக்குப் போய்விட்டது.

நேற்று சாயங்காலம் பட்டறை மேஜையில் நின்றபடியே இரண்டு மெயிலையும் எழுதி வைத்திருந்தேன். ஒன்று மாத அறிக்கை, இன்னொன்று உனக்கு. குளிர் அறையிலிருந்து அலாரம் அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டிருந்த கையாலேயே இரண்டையும் அவசர அவசரமாக அனுப்பிவிட்டு ஓடினேன். எது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. இன்று உன் மெயிலைப் படித்ததும்தான் போய்ப் பார்த்தேன்.

எங்கள் அலுவலக மெயிலில் ‘திரும்பப் பெறு’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினேன். ஒன்பது முறை அழுத்திய பிறகு, பக்கத்து மேஜை எலக்ட்ரீஷியன் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே பண்றீங்க? ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அவங்களுக்கு ஒரு தகவல் போகும். ‘இந்தக் கடிதத்தை அனுப்பியவர் திரும்பக் கேட்கிறார்’னு.”

“அப்ப லெட்டர் திரும்பி வராதா?”

“லெட்டர் அங்கேயேதான் இருக்கும். நீங்க கேட்டதுதான் போயிருக்கும். ஒன்பது தடவை.”

மேலாளர் அம்மா பயிற்சி முகாமுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். தமிழ்க்காரர்தான், ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெளியே போயிருக்கும்போது மெயில் பார்ப்பதில்லை என்பது அவருடைய கொள்கை, அது ஒன்றுதான் ஆறுதல். திங்கட்கிழமை காலை அவர் வருவதற்கு முன் வாசலில் போய் நிற்கப்போகிறேன்.

விளையாட்டு வினையாகிவிட்டது. அடுத்த வருஷம் தலைமை மெக்கானிக் பதவி என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் இந்த வேலையும் போனால் என்னை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

கல்யாண நாள் வாழ்த்துகள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உன் அசடு


ஜூன் 7, சனி

அன்புள்ள அசடுக்கு,

நேற்று சாயங்காலம் முழுவதும் சிரித்தேன். வாண்டு, “அப்பா என்னம்மா எழுதியிருக்காரு?” என்று பிடுங்கி எடுத்துவிட்டாள். ஒன்பது தடவை கதையைச் சொன்னேன். அவளும் தரையில் உருண்டு சிரித்தாள். பதினோரு வயசுப் பெண்ணுக்கு அப்பா ஒரு முட்டாள்தனம் செய்தார் என்பதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கோபம் வந்தது. எனக்கு எழுதிய கடிதத்தை எனக்கு முன்னால் இன்னொருத்தி படிக்கப்போகிறாள். அதில் என்ன எழுதியிருந்தீர்கள்? பிரதி இருக்குமே, அனுப்புங்கள். உங்களுக்கு வேலை போகும் கவலை, எனக்கு என் கடிதம் போன கவலை.

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரே ரகளை. என் காது பரிசோதனை அறைக்கு அடுத்த சுவரில்தான் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர் அறை இருக்கிறது. அது நாளைக்கு நாலு தரம் ‘வீல்’ என்று கத்துகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெரியவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, “சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க” என்று சொன்னேன். அடுத்த நிமிஷம் அந்த அலாரம். அவர் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். “எனக்கு நல்லாவே கேக்குதுமா” என்று சந்தோஷமாக எழுந்து போய்விட்டார். சரிபார்க்கத் தெரிந்த ஆள் இல்லை என்று நிர்வாகம் ஆறு மாதமாகச் சொல்கிறது.

திங்கட்கிழமை மேலாளர் காலில் விழாதீர்கள். விழுந்தால் உங்கள் முழங்காலுக்கு எழுந்திருக்க முடியாது.

நான்


ஜூன் 9, திங்கள்

கண்ணம்மா,

போய் நின்றேன். எனக்கு முன்பே அவர் வந்து படித்தும் விட்டார்.

“உக்காருங்க. இருநூறு மெயில் வந்து கிடந்துச்சு. ஒருத்தர் ஒன்பது தடவை திரும்பக் கேக்கிற லெட்டர்ல அப்படி என்னதான் இருக்குன்னு முதல்ல அதைத்தான் திறந்தேன்.”

“மேடம், அது சும்மா விளையாட்டுக்கு எழுதினது. என் மனைவிக்கு அனுப்ப வேண்டியது.”

“எது விளையாட்டு? தாழ்ப்பாளா, கணக்குப் பாடமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார், “ராஜினாமா வந்தா அன்னைக்கே பணியாளர் பிரிவுக்கு அனுப்பணும்ங்கிறது விதி. அனுப்பிட்டேன். வேண்டாம்னா உங்க மெயில்லேருந்து எனக்கு வாபஸ் கடிதம் வரணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. வரலைன்னா முப்பதாம் தேதி உங்களுக்குக் கடைசி நாள்.”

கதவு வரை போனேன். பின்னாலிருந்து, “அந்தக் கை விஷயம்... அவங்ககிட்ட கேட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். “கேளுங்க” என்றார்.

நீ கேட்ட கடிதம் கீழே. இதைப் படித்தால் அவர் கேட்டது உனக்குப் புரியும்.

‘மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, ஏழு ஆண்டுகளாகத் தங்கள் கிடங்கில் எதுவும் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு பெட்டி மீன் கெட்டதில்லை, ஒரு மூட்டைப் பட்டாணி கெட்டதில்லை. அதே ஏழு ஆண்டுகளில் என் வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் கெட்டுவிட்டது. என் மகளின் கணக்குப் பாடம் கெட்டுக்கொண்டிருக்கிறது. என் மனைவிக்குச் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. சென்ற முறை ஊருக்குப் போனபோது அது இல்லை. எப்போது நின்றது, ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு இதைக் கேட்பதா என்று இருந்துவிட்டேன். இவற்றைத் தொலைவிலிருந்து சரிபார்க்க இயலாது என்பதால் வேலையிலிருந்து விலகுகிறேன். இப்படிக்கு, மூன்றாம் எண் கம்ப்ரெசரின் காவல்காரன்.’

ஒவ்வொரு வருஷமும் சிரிக்கவைக்கத்தான் எழுதுவேன். இந்த முறை எப்படியோ இப்படி ஆகிவிட்டது. வாபஸ் கடிதம் எழுதத்தான் வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

நான்


ஜூன் 10, செவ்வாய்

என்னங்க,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளையில் படித்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்காத அறை என்பதில் ஒரு வசதி.

கை விஷயத்தைச் சொல்கிறேன். என் முன்பல் ஒன்று பாதி உடைந்து இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கல்யாணத்துக்கு முன்பே உடைந்தது. அதை மறைக்கத்தான் கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பல்லைக் கட்டிக்கொண்டேன். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று போனில் சொல்லவில்லை. நீங்கள் வந்தீர்கள். நான் இருபத்தைந்து நாளும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே திரிந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷமும் சொல்லவில்லை. இந்த மனுஷன் என் முகத்தையே பார்ப்பதில்லை என்று மூன்று வருஷமாக உள்ளுக்குள் ஒரு கோபம். இப்போது தெரிகிறது, நீங்கள் பல்லைத்தான் பார்க்கவில்லை, கையைப் பார்த்திருக்கிறீர்கள். எந்தக் கடையில் செய்த மனுஷனய்யா நீங்கள்!

வாபஸ் கடிதம் எழுதுங்கள். அதுதான் நியாயம். தலைமை மெக்கானிக் பதவி அடுத்த வருஷம் வரப்போகிறது. இத்தனை வருஷம் இழுத்த தேரை நிலைக்கு வருவதற்கு முன்னால் விட்டுவிட்டு வா என்று நான் எப்படிச் சொல்வேன்?

இன்னொன்றும் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சென்ற முறை நீங்கள் வந்த மூன்றாம் நாள், சமையலறையில் நின்று, “கரண்டி எங்க இருக்கு?” என்று கேட்டீர்கள். ஒன்றும் பெரிய விஷயமில்லை. எனக்கு மட்டும் சுருக்கென்றது. வீட்டுக்காரர் கேட்கிற கேள்வியா அது? விருந்தாளி கேட்கிற கேள்வி. நானும் எடுத்துக் கொடுத்தேன், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலவே. தனியாக இருந்து இருந்து எனக்கு எல்லாமே என் கைப்படி ஆகிவிட்டது. நீங்கள் வந்து நிரந்தரமாக உட்கார்ந்தால் நான் உங்களைக் கடித்துக் குதறிவிடுவேனோ என்னவோ.

என்னிடம் வருகிறவர்களில் சிலர் சத்தம் கேட்காமலேயே பட்டனை அழுத்துவார்கள். நான் வருத்தப்படக் கூடாதே என்று. ‘வந்துவிடுங்கள்’ என்று நான் இப்போது எழுதினால், அது நிஜமாகவே கேட்டு அழுத்தியதா, நல்ல மனைவியாக இருக்க அழுத்தியதா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

வாண்டுக்குக் கணக்கில் நாற்பத்தொன்று. நீங்கள் சொன்னது சரிதான்.

நான்


ஜூன் 11, புதன், மாலை

கண்ணம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மைனஸ் இருபத்தைந்து அறையில் போய் நின்றேன். யாராவது கேட்டால் ரப்பர் பட்டையைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மூக்கு எரிந்ததும் வெளியே வந்துவிட்டேன்.

பல் விஷயத்தில் என்னைச் செருப்பால் அடி. நீ கையை எடுத்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என்னிடம் உனக்கு வெட்கம் போய்விட்டது, வெட்கம் போனால் நான் உனக்கு யாரோ ஆகிவிட்டேன் என்று. என்ன புத்தி பார்.

கரண்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கரண்டி எந்த டிராயரில் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சமையலறையில் இருப்பதே மூன்று டிராயர். இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இழுக்கத்தான் கூச்சமாக இருந்தது. எல்லாம் அவ்வளவு ஒழுங்காக நீ அடுக்கி வைத்திருந்தாய். அடுத்தவர் வீட்டு டிராயரைத் திறக்கிற மாதிரி கை கூசியது. அதனால் கேட்டேன். எனக்கும் பயம்தான். உன்னைவிட நான் ஒன்றும் தைரியசாலி இல்லை.

நீ சொல்வதுதான் நியாயம். வாபஸ் கடிதம் எழுதிவிட்டேன். ‘தவறுதலாக அனுப்பப்பட்ட என் ராஜினாமாவை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’, இரண்டே வரி. சற்று முன் மேலாளருக்கு அனுப்பிவிட்டேன், உனக்கும் ஒரு பிரதி போட்டிருக்கிறேன். என் அலுவலகக் கடிதங்களை எல்லாம் நீதானே திருத்துவாய், இதிலும் பிழை இருந்தால் சொல்லு.

டிசம்பரில் விடுப்பு கேட்கிறேன். தாழ்ப்பாளை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நான்


ஜூன் 13, வெள்ளி, உங்கள் ஊர்க் கடிகாரத்தில் 5.10

என்னங்க,

இப்போது மணி ஐந்து தாண்டிவிட்டது. சமையலறைச் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறேனே, இடது பக்கம் இருப்பது உங்கள் ஊர் மணி. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாபஸ் கடிதத்தில் பிழை இருந்தால் சொல்லச் சொன்னீர்கள். ஒரு பிழை இருந்தது. நான் சொல்லவில்லை.

அந்தக் கடிதம் மேலாளருக்குப் போகவில்லை. புதன்கிழமை அதைத் திறந்ததும் மேலே பார்த்தேன். பெறுபவர் என்ற இடத்தில் என் முகவரி மட்டும்தான் இருந்தது. ஏழு வருஷமாக அலுவலகக் கடிதம் என்றால் எனக்கு அனுப்பிப் பழகிய கை, இதையும் எனக்கே அனுப்பிவிட்டது.

உடனே உங்களுக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன். காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். வியாழக்கிழமை காலையில், மதியம் சொல்லலாம் என்று தோன்றியது. அன்றைக்கு நான் எடுத்த காது பரிசோதனை எதுவும் சரியில்லை, ஒரு அம்மாவுக்கு இடது காது ஹெட்போனை வலது காதில் மாட்டிவிட்டேன். இன்று மூன்று மணிக்கு மேல் அந்தக் கடிகாரத்தை விட்டு என் கண் நகரவில்லை. வாண்டு பள்ளியிலிருந்து வந்து, “என்னம்மா, அப்பா கடிகாரத்தையே முறைக்கிற? அவர் மேல கோவமா?” என்றாள். “இல்லடி, அவர்தான் என் மேல கோவப்படப் போறாரு” என்றேன்.

தெரிந்தே செய்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, எனக்குப் புத்தி மழுங்கவும் இல்லை. நியாயம் அது இது என்று செவ்வாய்க்கிழமை எழுதினேன் அல்லவா, அதெல்லாம் நல்ல மனைவி எழுதியது. அந்த முகவரியில் என் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் நான் எழுதியது எதிலும் இல்லை. இந்தப் பட்டனை நான் கேட்டுத்தான் அழுத்தினேன். எனக்கு நீங்கள் வேண்டும். சண்டை போட்டுக்கொண்டாவது இங்கே இருக்க வேண்டும். அதற்காக உங்கள் வேலையில் கை வைத்துவிட்டேன், அது தப்புத்தான்.

இப்போதும் கெட்டுப்போகவில்லை. இந்தக் கடிதத்தை மேலாளரிடம் காட்டுங்கள். என் மனைவி தெரிந்தும் மறைத்துவிட்டாள் என்று சொல்லுங்கள். கை விஷயத்தைக் கேளுங்கள் என்று சொன்னவர், ஒரு மணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார். நீங்கள் அப்படிச் செய்தால் நான் கோபப்பட மாட்டேன். இனி ஜென்மத்துக்கும் உங்கள் கடிதத்தைத் திருத்தவும் மாட்டேன்.

திட்டுவதென்றால் போனில் வேண்டாம், எழுதியே திட்டுங்கள்.

நான்


ஜூன் 13, வெள்ளி, 5.40

கண்ணம்மா,

திட்டுவதற்கு ஒன்றுமில்லை. நேற்று மதியம் மேலாளர் சாப்பாட்டு அறையில் என்னைப் பார்த்து, “உங்க வாபஸ் லெட்டர் இன்னும் வரலையே?” என்றார்.

“அனுப்பிட்டேனே மேடம்.”

“எனக்கு வரலை.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். நீ சொன்ன அதே பிழை. அந்த மெயிலை மறுபடி திறந்து, அவர் முகவரியைப் போட்டு, எல்லாம் தயார். அனுப்பு என்பதன்மேல் விரலைக்கூட வைத்துவிட்டேன். கையுறைகூட இல்லை, வெறும் விரல்.

அப்போதுதான் தோன்றியது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனால்கூட நீ கண்டுபிடிப்பவள். முகவரி தப்பாக இருப்பது உன் கண்ணில் படாமல் இருக்காது. நான் அங்கேயே இருக்க வேண்டும் என்று நினைத்தால் உடனே சொல்லிவிடுவாய். சொல்லாவிட்டால்? விரலை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன் அடித்தால் திக்கென்றது. மெயில் வந்தால் திக்கென்றது. நேற்று சாயங்காலம் உன் பெயரில் ஒரு மெயில் வந்தது. ஐயோ, சொல்லிவிட்டாள் என்று நினைத்துத் திறந்தேன். வாண்டின் கணக்குத் தாள். நாற்பத்தொன்றைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட அப்பன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

இன்று ஐந்து மணிக்கு மேலாளர் அவராகவே பட்டறைக்கு இறங்கி வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சாச்சு. மூணாம் நம்பர் கம்ப்ரெசரை யார்கிட்ட ஒப்படைக்கப் போறீங்க?” என்றார். போகும்போது உதடு கொஞ்சம் கோணியது. அது சிரிப்பு என்று எலக்ட்ரீஷியன் சத்தியம் செய்கிறார்.

உன் ஆஸ்பத்திரித் தடுப்பூசி அறையின் மெஷின் மேலே ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் இருக்கிற எண்ணைக் குறித்து அனுப்பு. அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் கதவு ரப்பர்தான் காரணமாக இருக்கும், வந்து பார்க்கிறேன் என்று நிர்வாகத்திடம் சொல்லி வை. வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. பயம் போகவில்லை. நாம் சண்டை போடுவோம், அதுவும் நிச்சயம்.

நீ மறைத்துவிட்டதாக அழாதே. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ சொல்லிவிடுவாயோ, சொல்லிவிடுவாயோ என்றுதான் நான் ஒன்றரை நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

முப்பதாம் தேதி கிளம்புகிறேன். கரண்டி எங்கே என்று கேட்க மாட்டேன். மூன்று டிராயர்தானே, நானே திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் அசடு